காரை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்புவது எப்படி: சென்னைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் கார் பயணத்தைக் குறைக்கலாம் என்று பேச்செடுத்தாலே ஒரு கேள்வி வந்து நிற்கும்: “தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு சைக்கிள் மிதிச்சுட்டுப் போகச் சொல்றீங்களா?” இல்லை, யாரும் அப்படிப் போக வேண்டாம். மருந்துக்கடைக்கு, டியூஷனுக்கு, கோயிலுக்கு, காய்கறி வாங்க, ரயில் நிலையத்துக்கு என்று நாம் காரையோ பைக்கையோ எடுக்கிறோமே, அந்த இரண்டு, மூன்று, நான்கு கிலோமீட்டர் பயணங்களில்தான் சைக்கிளுக்கு வேலை இருக்கிறது. தெருமுனையில் நெரிசலை உண்டாக்குவதில் இந்தக் குட்டிப் பயணங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆபீஸ் பயணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சின்னதிலிருந்து தொடங்கினால் பழக்கம் நிற்கும். பெரியதிலிருந்து தொடங்கினால் இரண்டே வாரத்தில் சைக்கிள் மறுபடியும் பார்க்கிங் மூலையில் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்விடும்.

இந்த வழிகாட்டியின் முதல் பாதி, நீங்கள் மாறுவதற்கானது. அடுத்த பாதி, நீங்கள் இருக்கும் அடுக்ககத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் அலுவலகத்தையும் வார்டையும் மாற்றுவதற்கானது. இரண்டாவதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஒருவர் மட்டும் மன உறுதியோடு சைக்கிள் ஓட்டினால் அது அவருடைய பழக்கம், அவ்வளவுதான். நிறுத்த இடமும் போக வழியும் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்காரரும் ஓட்டுவார்.

முதலில் ஒரு வாரக் கணக்கு

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நோட்டை எடுங்கள். ஒரு வாரம், வீட்டிலிருந்து யார் எங்கே போனாலும் ஒரு வரி எழுதுங்கள்: போன இடம், தூரம், எத்தனை பேர், என்ன சுமை, எதில் போனார்கள். தூரத்தை போன் மேப்பில் பார்த்துக்கொள்ளலாம். சம்பாதிப்பவரின் ஆபீஸ் பயணத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பாட்டி ரத்தப் பரிசோதனைக்குப் போனது, பெண்ணை பாட்டு கிளாஸில் விட்டது, மாவு வாங்க பைக் எடுத்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் எத்தனை பயணங்கள் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன என்பது தெரியும்.

வார முடிவில் இப்படிப் பிரியுங்கள். 1 கிலோமீட்டர் வரை நடை. 1 முதல் 5 கிலோமீட்டர் வரை சைக்கிள். அதற்கு மேல் போகும் வழியில் ரயிலோ மெட்ரோவோ பஸ்ஸோ இருந்தால், நிலையம் வரை சைக்கிள், அங்கிருந்து பொதுப் போக்குவரத்து. மீதி இருப்பவை, அதாவது முழங்கால் வலியோடு இருக்கும் பெரியவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, நள்ளிரவு ரயிலுக்குப் போவது, அரிசி மூட்டை எடுத்து வருவது போன்றவை, ஆட்டோவிலோ காரிலோ நடக்கட்டும். அதில் குற்றவுணர்ச்சியே வேண்டாம். காரே கூடாது என்று சபதம் எடுப்பவர்களைவிட, காருக்கு உண்டான வேலையை மட்டும் காருக்குக் கொடுப்பவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள்.

நேரத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. நிதானமாக மிதித்தாலே சைக்கிள் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போகும். 3 கிலோமீட்டருக்குக் கால் மணி நேரம். காலை எட்டரை மணிக்கு அதே 3 கிலோமீட்டரைக் காரில் போய்ப் பாருங்கள். பார்க்கிங்கில் மூன்று வண்டிகளை நகர்த்தச் சொல்லி வெளியே வந்து, சிக்னலில் இரண்டு சுற்று நின்று, போன இடத்தில் நிறுத்த இடம் தேடுவதற்குள் அந்தக் கால் மணி கழிந்துவிடும்.

பணக் கணக்கும் போட்டுப் பாருங்கள். போக 4, வர 4 என்று தினமும் 8 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 200 கிலோமீட்டர். நகர நெரிசலில் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் ஏறக்குறைய 17 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 1,700 ரூபாய். எஞ்சின் சூடாவதற்குள் முடிந்துபோகும் குறுகிய பயணங்களில் பெட்ரோல் இன்னும் கூடுதலாகச் செலவாகும்.

சைக்கிளைத் தயார் செய்வது

முதலில் வீட்டிலேயே தேடுங்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த சைக்கிளோ, பையன் இரண்டு மாதம் ஓட்டிவிட்டு விட்டுவிட்ட கியர் சைக்கிளோ பல வீடுகளில் தூசி படிந்து நிற்கும். அதைத் தள்ளிக்கொண்டு பக்கத்து சைக்கிள் கடைக்குப் போய் “ஓவராயிலிங் பண்ணிக் கொடுங்க” என்று சொன்னால் போதும். வேலை முடிந்ததும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல் அங்கேயே நின்று பாருங்கள்.

பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிவிடுங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இடைவெளி ஒரே அளவாக இருந்தால் சரி. கூடிக் குறைந்தால் ரிம்மில் கோட்டம் இருக்கிறது, கம்பிகளை முறுக்கி எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிரேக் கட்டை தேய்ந்து அதன் கோடுகள் மறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அது சின்னச் செலவுதான். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளினால் சக்கரம் சுற்றக் கூடாது. டயரின் பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் டயரை மாற்றுங்கள். வருடக்கணக்கில் நின்ற சைக்கிளில் ரப்பர்தான் முதலில் கெடும்.

அப்புறம் சீட்டின் உயரம். நம் ஊரில் பெரும்பாலானோர் சீட்டை மிகத் தாழ்வாக வைத்து ஓட்டிவிட்டு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. புதிதாகப் பழகுபவர்கள் மட்டும் முதல் சில வாரங்கள் கால் தரையில் படும்படி இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வாங்குவதென்றால் ஒன்றை மனதில் வையுங்கள்: சென்னை சமவெளி. மேம்பாலத்தைத் தவிர ஏற்றமே கிடையாது. 21 கியரும் முன்னால் தடித்த ஷாக் அப்சார்பரும் வைத்த சைக்கிள் கடையில் கம்பீரமாகத் தெரியும், ஆனால் அந்த எடையை நீங்கள்தான் தினமும் மிதிக்க வேண்டும். கியர் இல்லாத சாதாரண சைக்கிளோ, மெல்லிய டயரும் நாலைந்து கியரும் உள்ள எளிய வண்டியோ போதும். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல், செயின் கவர் இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஐந்தும் இல்லாத சைக்கிள் விளையாட்டுக்குத்தான் ஆகும், மழையில் சட்டையின் முதுகெல்லாம் சேறாகிவிடும். புடவை, சுடிதார் அணிபவர்களுக்குப் பின் சக்கரத்தின் மேல் வலைத் தடுப்பு கட்டாயம் வேண்டும். துப்பட்டா சக்கரத்தில் மாட்டினால் நேரும் விபத்து சாதாரணமானதல்ல. தரமான பூட்டுக்கு நூறிருநூறு கூடக் கொடுங்கள்.

வயது, மூட்டுவலி, தூரம் காரணமாகத் தயங்குபவர்களுக்கு மின்சார சைக்கிள் நல்ல வழி. 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகமும் கொண்ட வண்டிக்கு இந்தியாவில் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். வாங்கும்போது இந்த இரண்டு எண்களையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பாதை: ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஒத்திகை

காரில் போகும் பாதையிலேயே சைக்கிளிலும் போக நினைப்பதால்தான் நிறையப் பேர் முதல் நாளே பயந்துவிடுகிறார்கள். சைக்கிளுக்கு வேறு வரைபடம் இருக்கிறது. அடையாறில் எல்.பி. ரோட்டில் பஸ்களோடு முட்டிக்கொண்டு போவதைவிட கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் உள் தெருக்களில் நிழலோடு போகலாம். மேற்கு மாம்பலம், கே.கே. நகர், அண்ணா நகர் என எங்கே பார்த்தாலும் பெரிய சாலைக்கு இணையாக ஏதாவது ஒரு குடியிருப்புத் தெரு ஓடுகிறது. தூரம் அரை கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பி அந்தப் பாதையில் ஒருமுறை போய் வாருங்கள். மூன்றை மட்டும் கவனியுங்கள்: பெரிய சாலையை எங்கே கடக்க வேண்டும், எங்கே ஒருவழிப் பாதை, எங்கே மூடி இல்லாத மழைநீர் வடிகால் இருக்கிறது. கடக்கும் இடத்தில் சிக்னல் இருந்தால் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த சிக்னல் வரை தள்ளிப் போய்க் கடப்பது நல்லது. பிறகு வேலை நாளில் அதே நேரத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

ரோட்டில் எப்படிப் போவது

சைக்கிளில் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஓரத்தை ஒட்டியே போகாதீர்கள் என்பதுதான். ஓரத்தில்தான் மணல், வடிகால் மூடி, உடைந்த கண்ணாடி எல்லாம் சேர்ந்திருக்கும். அங்கே போகிற சைக்கிள் திடீர் திடீரென வலப்பக்கம் ஒடிக்க வேண்டியிருக்கும், பின்னால் வருபவருக்கு அது தெரியாது. ஓரத்திலிருந்து முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் உள்ளே, நேர்க்கோட்டில் போங்கள். பின்னால் வருபவர் ஒருமுறை ஹார்ன் அடிப்பார். பரவாயில்லை, உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

நின்றிருக்கும் கார்களைத் தாண்டும்போது ஒரு கதவின் அகலம் விட்டுப் போங்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். பிரேக் லைட் அப்போதுதான் அணைந்தது என்றால் அடுத்து கதவு திறக்கும்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழைவதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஆட்கள் இறங்குவார்கள், பஸ்ஸும் எந்த நொடியிலும் ஓரம் கட்டும். பின்னாலேயே நின்று அது கிளம்பிய பிறகு போங்கள், அரை நிமிடம்தான் ஆகும். தண்ணி லாரிக்கும் இதே விதிதான், அதைவிடக் கண்டிப்பாக. லாரியின் இடப்பக்க முன்மூலையில் நிற்கும் சைக்கிள் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. லாரி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்ளே வெட்டி வரும். சிக்னலில் லாரி நின்றால் அதற்குப் பின்னால் நில்லுங்கள்.

பெரிய சந்திப்பில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வண்டிகளுக்கு நடுவே ரோட்டின் மையத்துக்குப் போக வேண்டியதில்லை. நேராகக் கடந்து எதிர் மூலைக்குப் போய், அங்கே சைக்கிளை வலப்பக்கமாகத் திருப்பி நிறுத்தி, அந்தத் திசைக்கு சிக்னல் விழுந்ததும் போங்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

எதிர்த்திசையில் ஓட்டாதீர்கள், “பக்கத்துலதானே” என்றாலும் கூடாது. தெருவிலிருந்து ரோட்டுக்குத் திரும்பும் பைக்காரர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டு வருவார், நீங்கள் இடப்பக்கத்திலிருந்து வந்து நிற்பீர்கள். இருட்டினால் பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு. ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் போட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலும் மழையும்

“சென்னை வெயில்ல எப்படிங்க?” நியாயமான கேள்விதான். ஏப்ரல் முதல் ஜூன் வரை பத்து மணிக்கு மேல், நாலு மணிக்கு முன் சைக்கிளை எடுக்காதீர்கள். காலை எட்டரைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் வேர்வை தாங்கும். மாற்றுச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, முதுகில் பை மாட்டாமல் கேரியரில் கட்டிவிட்டால் பாதி வேர்வை குறையும். மெதுவாக மிதியுங்கள். வேர்வைக்கு வெயிலைவிட அவசரம்தான் பெரிய காரணம்.

ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கிய தெருவில் சைக்கிளில் இறங்கவே கூடாது. தண்ணீருக்கு அடியில் மூடி திறந்த குழி இருக்கலாம், மின்கம்பி அறுந்து கிடக்கலாம். அந்த நாட்களுக்கு பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன. நனைந்த ரிம்மில் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும், தூறல் நாளில் வேகத்தைப் பாதியாக்குங்கள். மழை விட்டதும் செயினைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

ரயில், மெட்ரோ, பஸ்ஸோடு சேர்ப்பது

பத்து, இருபது கிலோமீட்டர் பயணத்துக்குச் சென்னைக்குக் கிடைத்த பெரிய வசதி மின்சார ரயில்தான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு, சென்ட்ரலிலிருந்து அரக்கோணமும் கும்மிடிப்பூண்டியும், கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில். குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு இரண்டாம் வகுப்பு மாத சீசன் எடுத்தாலும் முந்நூறு ரூபாயைத் தாண்டாது. இவ்வளவு மலிவாக இருந்தும் பலர் ஏறாததற்குக் காரணம், வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்குமான அந்த இரண்டு கிலோமீட்டர்தான். ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் ரயில் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு ஆகிவிடுகிறது. சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இந்த ஊரில் கிடையாது.

ஸ்டேஷன் ஸ்டாண்டில் மாதக் கட்டணம் இருந்தால் அதையே கட்டுங்கள். சட்டகத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்து, நகராத கம்பியோடு பூட்டுங்கள். ஸ்டேஷனில் விடுவதற்குப் பளபளக்கும் சைக்கிள் வேண்டாம், பழையதே நல்லது.

2015-இல் கோயம்பேடு–ஆலந்தூர் பாதையோடு தொடங்கிய மெட்ரோ இப்போது விம்கோ நகர் வரை நீண்டிருக்கிறது, அடுத்த கட்டப் பாதைகள் ஏறக்குறைய 119 கிலோமீட்டருக்குக் கட்டப்பட்டு வருகின்றன. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்க முடிகிறது. கடைசியாக பஸ் ஏறி வெகுநாளானவர்கள் அந்தச் செயலியை இறக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை சும்மா ஒரு சுற்று போய் வாருங்கள். எந்த நம்பர் எங்கே போகிறது என்பது தெரியாததுதான் பலருக்கும் பஸ்ஸில் இருக்கும் ஒரே தடை.

தினமும் இரண்டு, மூன்று பஸ் மாறுபவர்களுக்கு 1,000 ரூபாய் மாத பாஸ் கட்டுப்படியாகும். ஏசி பஸ்ஸும் வேண்டுமென்றால் 2,000 ரூபாய். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்த ஒரு திட்டத்தால் பெண்கள் கூடுதலாக வெளியே போய் வருவதை எந்த ஸ்டாப்பிலும் கண்ணால் பார்க்கலாம். கார் பயணத்துக்கு மாற்று என்று பேசும்போது இதைச் சொல்லாமல் சைக்கிளை மட்டும் சொல்வது சரியில்லை.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் ஒரு நடைமேம்பாலம் திறந்தார்கள். துணி எடுக்கத் தி.நகருக்குக் காரில் போய் நிறுத்த இடம் தேடிச் சுற்றுபவர்கள் ஒருமுறை ரயிலில் வந்து இந்தப் பாலத்தில் நடந்து பாருங்கள்.

அடுத்தவரை ஓட்ட வைப்பது: புதுக்கோட்டை சொல்லும் பாடம்

சைக்கிளைப் பரப்புவது எப்படி என்பதற்கு உலகத்தைத் தேடிப் போக வேண்டாம். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவைக் கற்பித்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் முன்னெடுப்பில் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டத் தொடங்கினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள், அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதியாயிற்று. பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆண்களுக்காகவும் காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது.

அங்கே யாரும் உடம்புக்கு நல்லது, காற்று சுத்தமாகும் என்று பிரசங்கம் செய்யவில்லை. கூட்டமாக, திறந்த மைதானத்தில், எல்லோரும் பார்க்கப் பழகினார்கள், அதனால் தனியாக ஒருத்தி ஓட்டினால் வரும் கேலி அடங்கியது. வாங்குவதற்குக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். ஓட்டத் தெரிந்தவளே அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். இந்த மூன்றும் சென்னையில் ஒரு அடுக்ககத்துக்கும் அப்படியே பொருந்தும்.

ஞாயிறு காலை உங்கள் வளாகத்திலோ பக்கத்து விளையாட்டுத் திடலிலோ ஒரு மணி நேரம் வகுப்பு வையுங்கள். நாற்பது வயதில் பழக வருபவர்களுக்கு பெடல்களைக் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, இரண்டு காலாலும் தரையைத் தள்ளிக்கொண்டே போகச் சொல்லுங்கள். கால்களைத் தூக்கிக்கொண்டு பத்து மீட்டர் உருள முடிந்துவிட்டால் சமநிலை வந்துவிட்டது என்று பொருள், அதற்குப் பிறகு பெடலை மாட்டினால் போதும். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைவிட இது எளிது, விழுவதும் குறைவு. பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பெண்களே முன்னால் நிற்கட்டும்.

அடுக்ககத்தில் ஒரு ஸ்டாண்டு

இங்கேதான் உங்கள் முழு சக்தியையும் செலவிடச் சொல்வேன். சைக்கிள் எடுப்பது கார் எடுப்பதைவிடக் கஷ்டமாக இருக்கும்வரை யாரும் எடுக்க மாட்டார்கள். இப்போது பல வளாகங்களில் நிலைமை என்ன? பார்க்கிங்கின் கடைசி மூலையில், ஜெனரேட்டருக்கும் சுவருக்கும் இடையில், பத்துப் பதினைந்து சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். ஒன்றை இழுத்தால் இன்னொன்றின் ஹேண்டில்பார் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டு வரும். பாதிக்கு டயரில் காற்றில்லை. யாருடையது என்று வாட்ச்மேனுக்கே தெரியாது.

முதல் வேலை, கணக்கெடுப்பு. எல்லா சைக்கிளிலும் ஒரு அட்டையைக் கட்டி, “இது உங்களுடையதா? ஒரு மாதத்துக்குள் பிளாட் நம்பர் எழுதுங்கள்” என்று சங்கத்தின் பெயரில் அறிவியுங்கள். உரிமை கேட்காதவற்றைச் செயற்குழுவின் ஒப்புதலோடு பழுதுபார்த்து, வளாகத்தின் வீட்டு வேலையாட்களுக்கோ காவலாளிகளுக்கோ கொடுங்கள், அல்லது பொதுச் சைக்கிள்களாக வைத்துக்கொள்ளுங்கள். இதிலேயே பாதி இடம் காலியாகும்.

அடுத்தது, ஒரே ஒரு கார் நிறுத்தும் இடத்தைக் கேளுங்கள். இரண்டரைக்கு ஐந்து மீட்டர் அளவுள்ள அந்த இடத்தில் பத்து சைக்கிள் வரை நிற்கும். வாசலுக்கு அருகில், கூரைக்குக் கீழே, காவலாளி பார்வையில் இருக்க வேண்டும். சக்கரத்தை மட்டும் செருகி நிறுத்தும் கம்பி ஸ்டாண்டை வாங்காதீர்கள், அதில் சைக்கிள் சாய்ந்தால் ரிம் வளையும், சட்டகத்தைப் பூட்டவும் முடியாது. ‘ப’ எழுத்தைக் கவிழ்த்து நட்டது போன்ற இரும்புக் குழாய், முக்கால் மீட்டர் உயரம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு மீட்டர் இடைவெளி. பக்கத்து வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம். ஒவ்வொன்றிலும் இருபுறமும் இரண்டு சைக்கிள் நிற்கும். பக்கத்தில் ஒரு காற்றடிக்கும் பம்பைச் சங்கிலியில் கட்டிப் போடுங்கள். காற்றில்லாத டயர்தான் பல சைக்கிள்களை நிரந்தரமாக நிறுத்திவிடுகிறது.

பொதுக்குழுவில் எதிர்ப்பு வரும். “பார்க்கிங் ஏற்கெனவே பத்தல” என்பார்கள். வாதாடாமல் மூன்று மாதச் சோதனை என்று கேளுங்கள். பெயிண்ட் கோடும் கழற்றக்கூடிய ஸ்டாண்டுமாக வைத்து, நிரம்பவில்லையென்றால் திருப்பித் தருகிறோம் என்று எழுதிக் கொடுங்கள்.

பள்ளி வாசல்

காலை ஏழே முக்காலுக்கு எந்த தனியார் பள்ளி வாசலிலும் நின்று பாருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கார். ரோட்டில் கார்கள் அதிகம் என்பதால் பிள்ளையை சைக்கிளில் அனுப்பப் பயம், அனுப்பாததால் இன்னொரு கார். இந்த முடிச்சைத் தனி வீடு எதுவும் அவிழ்க்க முடியாது, நாலைந்து வீடுகள் சேர்ந்தால் முடியும்.

ஒரே திசையிலிருந்து வரும் பிள்ளைகளைச் சேர்த்து, முன்னால் ஒரு பெற்றோர், பின்னால் ஒரு பெற்றோர், நடுவில் பிள்ளைகள் என்று குறித்த நேரத்தில் குறித்த தெருக்கள் வழியாகப் போவது ஒரு முறை. பார்சிலோனாவில் 2021-இல் இப்படித்தான் ‘பிசிபஸ்’ என்ற பெயரில் வாரம் ஒருநாள் தொடங்கினார்கள். நீங்களும் வாரம் ஒருநாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சிக்னல் காட்டத் தெரிந்த பிள்ளைகளை மட்டும் சேருங்கள். சின்னவர்களுக்கு இதையே நடையாகச் செய்யலாம்.

பள்ளி நிர்வாகத்திடம் இரண்டு கேளுங்கள். உள்ளே கூரையோடு சைக்கிள் நிறுத்துமிடம், காலையும் மாலையும் அரை மணி நேரம் வாசலிலிருந்து 200 மீட்டர்வரை கார் வராத ஏற்பாடு. காரில் வருபவர்கள் தெருமுனையில் இறக்கிவிட்டு நடக்க விடட்டும். இதற்குப் போக்குவரத்துக் காவல்துறையின் ஒத்துழைப்பு தேவை, மனு பள்ளியின் பெயரில் போனால் வேலை விரைவாக நடக்கும்.

அலுவலகம்

குளியலறை கட்டச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். முகம் கழுவ, சட்டை மாற்ற ஒரு இடம், ஒரு சின்ன லாக்கர், அரை மணி முன்பின் வரும் அனுமதி, இவை போதும். அதற்கு மேல் ஒன்றைக் கேட்கலாம்: காரில் வருபவருக்கு நிறுவனம் வாடகை கொடுத்துப் பார்க்கிங் இடம் எடுத்துத் தருகிறதே, அந்தத் தொகையை பஸ்ஸிலோ சைக்கிளிலோ வருபவருக்குப் பணமாகத் தரட்டும். கலிபோர்னியாவில் குறிப்பிட்ட நிறுவனங்களுக்கு இதை 1992-லேயே சட்டமாக்கினார்கள். மனிதவளத் துறையிடம் பேசும்போது இந்த யோசனை எடுபடும், ஏனென்றால் அவர்களுக்குப் பார்க்கிங் வாடகை எவ்வளவு என்று தெரியும்.

வார்டும் மாநகராட்சியும்

சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. இதை நினைவூட்டும் உரிமை நமக்கு உண்டு. தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி 2019 நவம்பரில் திறந்தார்கள். கார் நிறுத்தும் இடத்தைக் குறைத்து நடப்பவர்களுக்குக் கொடுத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு அங்கே மாலை நேரத்தில் ஒருமுறை போய் நின்றால் போதும். கடற்கரைச் சாலையை ஒரு ஞாயிறு காலை மூடிவிட்டு சைக்கிள் ஓட்டும் விழாக்களை நான் வரவேற்கிறேன், ஆனால் அதோடு நின்றுவிட்டால் திங்கட்கிழமை எதுவும் மாறுவதில்லை. ஒரு நிரந்தரமான நடைபாதை அத்தனை விழாக்களையும்விடப் பெரிய வேலை.

கேட்கும்போது சின்னதாக, இடம் குறித்துக் கேளுங்கள். “சைக்கிள் பாதை வேண்டும்” என்ற மனு கோப்பில் தூங்கும். “இந்தத் தெரு முனையிலிருந்து ரயில் நிலையம் வரை 400 மீட்டரில் மூன்று வடிகால் மூடிகள் ரோட்டு மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன, நடைபாதையில் இரண்டு டிரான்ஸ்பார்மர்கள், கடக்குமிடத்தில் கோடு அழிந்துவிட்டது” என்று போட்டோவோடு கொடுத்தால் ஒரு பொறியாளர் வந்து பார்க்க முடியும். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை அந்த இடத்தில் நின்று நடப்பவர், சைக்கிள், பைக், கார் என்று தனித்தனியாக எண்ணி எழுதிச் சேருங்கள். அந்த எண்ணிக்கை அவர்களிடம் இருப்பது அரிது.

யாரிடம் கொடுப்பது என்பதும் முக்கியம். உள் தெருக்களும் பெரும்பாலான பஸ் செல்லும் சாலைகளும் மாநகராட்சியிடம், அண்ணா சாலை போன்றவை நெடுஞ்சாலைத் துறையிடம். சிக்னல், ஒருவழிப் பாதை விஷயங்களுக்குப் போக்குவரத்துக் காவல்துறை. பஸ் வரவில்லை, ஸ்டாப் தள்ளியிருக்கிறது என்றால் மாநகரப் போக்குவரத்துக் கழகம். மாநகராட்சிப் புகார்களை 1913 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த எண்ணையே மனுவிலும் எழுதுங்கள்.

பிறகு கவுன்சிலரைப் பாருங்கள், பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது தவறாமல் போங்கள். போகும்போது அந்த ரோட்டில் தினமும் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளை அவர்கள் பெற்றோரோடு அழைத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது, எந்தத் திருப்பத்தில் பயமாக இருக்கிறது என்பதை அவர்களே எழுந்து சொல்லட்டும்.